கித்தானும் தோலும்: முதுகுப்பை ஒன்றைச் சொந்தமாகத் தைக்கும் முறை

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் கூட்டத்தில் மூன்றாம் நாள் யாருடைய பை எந்த இடத்தில் பிய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், பை தைப்பதற்கு வேண்டிய பாதிப் பாடம் வழியிலேயே கிடைத்துவிடும். துணியின் நடுப்பகுதி கிழிந்த பையை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. தோள்வார் துணியோடு சேரும் இடம், வாரின் கீழ்முனை பையைப் பிடிக்கும் இடம், மூடியின் பக்கிள் இழுக்கும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் தையல் விட்டிருக்கும், அல்லது துணி தையலோரமாகவே அறுந்திருக்கும். கித்தான் துணியால் உடலைத் தைத்து, இழுபடும் இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் தோலைக் கொடுப்பது என்பதே இக்கட்டுரையில் சொல்லப்படும் முறையின் அடிப்படை. அழகுக்காகத் தோலை வேறெங்கும் வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் முதலில் தைத்த பைக்கு அடிப்பகுதி முழுவதும் தோலாக இருந்தது. வெறும் பையே இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தது, ஈரத் தரையில் வைத்து வைத்து ஒரே மழைக்காலத்தில் அந்த அடித்தோல் விறைத்தும் போயிற்று.

இங்கே தைக்கப்போவது ஒரு நாள் நடைக்கு ஏற்ற பை. தைத்து முடித்தபின் உயரம் 44 செ.மீ., அகலம் 30 செ.மீ., ஆழம் 15 செ.மீ. இருக்கும், கொள்ளளவு ஏறக்குறைய 20 லிட்டர். பிரான்மலை ஏறி இறங்கவோ, வேட்டங்குடிக் கண்மாய்களில் காலை முழுவதும் பறவை பார்க்கவோ வேண்டிய தண்ணீர், கட்டுச்சோறு, துண்டு, இருநோக்கி, மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு இது போதும். இடுப்புப் பட்டை இல்லாத பை என்பதால் ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் சுமக்க இதை நம்ப வேண்டாம். வெட்டுவதற்கு முன் முதுகை அளந்துகொள்வது நல்லது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை ஒருவரைக் கொண்டு நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அது 42 செ.மீ.க்குக் குறைந்தால் பையின் உயரத்தையும் அதே அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். நீளமான பை நடக்கும்போது பிட்டத்தில் இடித்துக்கொண்டே வரும்.

துணி

கித்தான் என்று நம் ஊரில் சொல்வதும் கான்வாஸ் என்று கடைக்காரர் சொல்வதும் ஒன்றுதான்: தடித்த பருத்தி நூலை நெருக்கமாக, நெடுக்கும் குறுக்குமாக ஒன்றுவிட்டு ஒன்று நெய்த துணி. இதன் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கெஜத் துணியின் எடை அது. சில கடைகளில் ஜி.எஸ்.எம். என்று சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எனச் சொல்வார்கள். ஓர் அவுன்ஸை ஏறக்குறைய 34 கிராமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் பைக்கு 12 அவுன்ஸ், அதாவது 400 ஜி.எஸ்.எம். அளவிலான துணியே சரி. 18 அவுன்ஸ் துணி தொட்டால் கம்பீரமாக இருக்கும், ஆனால் மூன்று மடிப்பு சேரும் இடத்தில் வீட்டுத் தையல் இயந்திரம் திணறி நின்றுவிடும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள துணியையும் தவிர்ப்பது மேல். பூச்சில்லாத பருத்தி நூல் நனைந்ததும் உப்பி நெசவின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். தூறலைத் தாங்க அதுவே பெருமளவு போதும். 90 செ.மீ. அகலமுள்ள துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் எல்லாத் துண்டுகளும் அடங்கும். நிறத்தைப் பொறுத்தவரை, நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் வெள்ளைக் கித்தான் ஒரே நடையில் தன் நிறத்தை இழந்துவிடும் என்பதால் காக்கியோ அடர்பழுப்போ எடுப்பது புத்திசாலித்தனம்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டக் கூடாது. நெசவுக் கஞ்சியோடு வரும் கித்தான் முதல் நனைப்பில் நன்றாகச் சுருங்கும். மீட்டருக்கு ஐந்து செ.மீ. வரை சுருங்கியதை நானே அளந்திருக்கிறேன். இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, முறுக்கிப் பிழியாமல் கொடியில் விரித்துக் காயவிட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட வேண்டும். பிழிந்தால் விழும் மடிப்புக் கோடுகள் கித்தானில் எளிதில் போகாது.

தோல்

தோல் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது தாவரச் சாறுகளால் பதனிட்டதா, குரோமியத்தால் பதனிட்டதா என்பது. குரோம் தோல் மிருதுவாக இருக்கும், இழுத்தால் நீளும். காலணியின் மேற்பாகத்துக்கு அது நல்லது, வாருக்கு ஆகாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், சுமையில் அதிகம் நீளாது, வெட்டிய விளிம்பைத் தேய்த்தால் மினுமினுக்கும். வெட்டுமுகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: உள்ளே சாம்பல் கலந்த நீலம் ஓடினால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் தாவரப் பதனீடு. தமிழ்நாட்டுக்கு இரண்டாம் வகை புதிதல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காய்ச் சாற்றில் நிறமேற்றிய தோல் இங்கிருந்து கப்பலேறிய காலம் உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோலால் பெயர் பெற்றவை. நம் செட்டிநாட்டு வீடுகளான வளவுகளின் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு சேர்த்த அதே கடுக்காய்தான் தோலையும் பக்குவப்படுத்தியது என்பது எனக்கு எப்போதும் வியப்பான செய்தி.

இந்தப் பைக்கு 2 முதல் 2.5 மி.மீ. தடிமனில் ஒரு சதுர அடித் தோல் தாராளம். முழுத்தோல் வாங்க வேண்டியதில்லை. செருப்பு, பெல்ட் செய்யும் இடங்களில் கழிவுத் துண்டுகளை எடைக்குக் கொடுப்பார்கள். முதுகெலும்பை ஒட்டிய பகுதியே உறுதியானது. வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நெகிழும், விரலால் மடக்கினால் தொளதொளவெனச் சுருக்கம் விழும். வார்களை எப்போதும் முதுகெலும்பின் போக்கிலேயே நீளவாக்கில் வெட்ட வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை அலசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த தோல்பெட்டிகளின் வார்கள் பார்ப்பதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் பழைய தாவரப் பதனீட்டுத் தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; செம்பழுப்புத் தூளாக உதிர்ந்தால் அது உள்ளுக்குள் இற்றுப்போன தோல், எந்த எண்ணெயும் அதை மீட்காது. அந்தக் கடைகளில் துணிந்து வாங்கத் தக்கவை பித்தளை வளையமும் பித்தளை பக்கிளும்தான். இரும்புச் சாமானை வாங்கவே வேண்டாம். தாவரப் பதனீட்டுத் தோலில் உள்ள துவர்ப்புச் சத்து, நனைந்த இரும்போடு சேர்ந்தால் மைபோலக் கறுத்துவிடும். என் இரண்டாம் பையில் இரும்பு ரிவெட் வைத்து, ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்து வந்தேன். வெள்ளைச் சட்டையின் முதுகில் விழுந்த கறை இன்றுவரை போகவில்லை.

மற்ற சாமான்கள்

துணி தைக்கத் தடித்த பாலியெஸ்டர் நூலும், இயந்திரத்துக்கு 18ஆம் எண் ஊசி இரண்டு, மூன்றும் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் மட்கும். நைலான் நூல் வலுவானதுதான் என்றாலும் வெயிலை நீண்ட நாள் தாங்குவதில் பாலியெஸ்டருக்கு அடுத்தபடிதான். தோல் தைக்க 0.8 மி.மீ. மெழுகு நூலும், முனை மழுங்கிய பெரிய ஊசி இரண்டும், ஒரு குத்தூசியும் தேவை. இவற்றோடு 25 மி.மீ. நைலான் நாடா இரண்டு மீட்டர், அதே அகலப் பருத்தி நாடா மூன்றரை மீட்டர், நாடாவை இழுத்துச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இரண்டு, 2 செ.மீ. பித்தளை பக்கிள் ஒன்று, கயிறு கோக்கும் துளை வளையமான 10 மி.மீ. பித்தளை ஐலெட் எட்டு, 8 மி.மீ. கனமுள்ள நுரைப்பட்டை சிறிது, வாய் சுருக்கக் கயிறு ஒன்றரை மீட்டர். இவற்றுள் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைக்கும் கடையிலேயே கிடைக்கும். ஐலெட் அடிக்கும் கருவியை வாங்காமல், லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அடித்துத் தருவார்.

வெட்டுதல்

ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாசாலை, அதாவது வீட்டுக் கூடம், வாய்த்தவர்களுக்கு இந்த வேலை எளிது. துணியை விரித்து, அதன் ஓரத்தைக் கல்லின் இணைப்புக் கோட்டோடு பொருத்தினால் செங்கோணம் தானாகவே அமையும். கத்தியை மட்டும் அந்தத் தரையில் வைக்காதீர்கள். துணிக்குக் கத்தரிக்கோல், தோலுக்கு அடியில் ஒரு பலகை.

முன்புறம், அடி, பின்புறம் ஆகிய மூன்றையும் ஒரே நீளத் துண்டாக வெட்டுவது என் வழக்கம், ஏனெனில் சுமை முழுவதும் இறங்கும் அடியில் குறுக்குத் தையல் இல்லாமல் போகிறது. இதன் அளவு 33 செ.மீ. அகலம், 111 செ.மீ. நீளம்: இருபுறமும் தையலுக்கு ஒன்றரை செ.மீ.யும், மேல்மடிப்புக்கு இரு முனையிலும் நான்கு செ.மீ.யும் இதில் அடக்கம். பக்கவாட்டுத் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 18 செ.மீ.க்கு 49.5 செ.மீ. மூடி 35 செ.மீ.க்கு 38 செ.மீ. அடியில் இரண்டாம் படலமாக வைக்க 33 செ.மீ.க்கு 25 செ.மீ. தோள்வார்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 15 செ.மீ.க்கு 48 செ.மீ. பின்புறத்தின் உட்பக்கம் வலுவுக்கு வைக்க 26 செ.மீ.க்கு 12 செ.மீ. துண்டு ஒன்று. வெளிப்பை, பக்கப்பை என்று முதல் பையிலேயே ஆசைப்பட வேண்டாம். உள்ளே ஒரு சிறிய பை வைத்துக்கொண்டால் போதும்.

தோலில் வெட்ட வேண்டியவை: தோள்வார்களின் மேல்முனைகளை மூடும் தாங்குபட்டை 22 செ.மீ.க்கு 5 செ.மீ., கீழ்முனைகளுக்கு 6 செ.மீ. சதுரம் இரண்டு, மூடி வார் 2 செ.மீ. அகலத்தில் 24 செ.மீ., பக்கிள் பிடிக்கும் துண்டு அதே அகலத்தில் 10 செ.மீ., கையால் தூக்கும் பிடி 22 செ.மீ. சதுரங்களின் மூலைகளை ஒரு நாணயம் வைத்து வளைத்து வெட்டுங்கள். கூர்மூலை முதலில் பெயரும்.

துணித் தையல்

கித்தானில் குண்டூசி வளையும். துணி உலர்த்தும் கிளிப்புகளே இதற்கு ஏற்றவை. தையல் நீளத்தை மூன்றரை மி.மீ.க்கு வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு செ.மீ. திருப்பித் தைக்க வேண்டும். தடித்த இடம் வந்தால் மோட்டாரையோ மிதியையோ நம்பாமல், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடத்துங்கள். ஊசி முறிவதெல்லாம் அவசரத்தில்தான்.

இந்த வேலையில் வரிசை முக்கியம். பை பெட்டி வடிவத்துக்கு வந்துவிட்டால் அதன் உள்ளே எதையும் ஒழுங்காகத் தைக்க முடியாது. ஆகவே தட்டையாக இருக்கும்போதே எல்லா இணைப்புகளையும் முடித்துவிட வேண்டும். நீளத் துண்டின் நடுவே அடிக்கான இரண்டாம் படலத்தை, மேல்கீழ் விளிம்புகளை ஒரு செ.மீ. மடித்து, இரட்டைத் தையலாகத் தையுங்கள். உட்பையை வேண்டும் இடத்தில் வையுங்கள். பின்புறத்தின் மேற்பகுதியில் உட்பக்கமாக வலுத்துண்டை வைத்து நான்கு ஓரமும் தையுங்கள்.

தோள்வாரை, நீள ஓரங்கள் இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்தால் 6 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும், நுரையை 5.5 செ.மீ. அகலத்தில், 38 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மேல்முனையில் ஐந்து செ.மீ. வெறுமையாக விட்டு உள்ளே நுழைத்து, ஓரத்தையும் நடுவையும் தைத்துவிட வேண்டும். கீழ்முனையை உள்மடித்து, சிறிய நாடாத் துண்டில் அட்ஜஸ்டரைக் கோத்து அதற்குள் செருகி, சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைத்தால் அது விடாது.

மூடியின் மூன்று ஓரங்களைப் பருத்தி நாடாவால் பொதிந்து தைத்துவிட்டு, நான்காம் ஓரத்தை ஒன்றரை செ.மீ. மடித்து, பின்புறத்தில், மேல்விளிம்பாக அமையப்போகும் கோட்டுக்கு நான்கு செ.மீ. கீழே வெளிப்பக்கமாகப் பொருத்துங்கள். அதற்குச் சற்றுக் கீழே தோள்வார்களின் மேல்முனைகள் வரும். இரண்டு வார்களுக்கும் இடையே ஐந்து செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக் கூடாது. புதிதாகத் தைப்பவர்கள் தோள் அகலத்துக்கு வாரும் அகல வேண்டும் என்று நினைத்து 14, 15 செ.மீ. விட்டுவிடுகிறார்கள், அந்தப் பை பத்து அடிக்கு ஒருமுறை தோளிலிருந்து வழுகும். கழுத்தடியில் நெருங்கித் தொடங்கி அக்குளை நோக்கி விரியும் வாரே தோளில் நிற்கும்.

தோல் தையல்

வீட்டு இயந்திரத்தைத் தோலில் ஏற்ற வேண்டாம். கையால் இரட்டை ஊசித் தையல் போடுவது மெதுவானது, ஆனால் இதன் உறுதிக்கு இயந்திரத் தையல் ஈடாகாது. இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் துணியின் நடுவில் கொக்கிபோலப் பிணைக்கிறது. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் இளகிவரும். இரட்டை ஊசியில் ஒரே நூலின் இரு முனைகளும் ஒவ்வொரு துளையையும் எதிரெதிர்த் திசையில் கடக்கின்றன. ஓரிடத்தில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும்.

தாங்குபட்டையின் விளிம்பிலிருந்து நான்கு மி.மீ. உள்ளே கோடு கீறி, நான்கு மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். சாப்பாட்டு மேசை முட்கரண்டியை அழுத்திக்கொண்டே போனால் இடைவெளி ஒரே சீராக வரும். தோலில் குத்திய துளை மறையாது. ஆகவே கழிவுத் துண்டில் ஒருமுறை பழகிக்கொள்வது அவசியம். கைப்பிடியின் இரு முனைகளையும் அடிப்பக்கமாகச் சீவி ஒரு மி.மீ. அளவுக்கு மெலிதாக்குங்கள். பின்னர் மூடியின் மடித்த ஓரம், தோள்வார்களின் வெறுமுனைகள், கைப்பிடி முனைகள் எல்லாவற்றையும் மூடுமாறு தாங்குபட்டையை வைத்து, கிளிப்பால் இறுக்கி, குத்தூசியால் அத்தனை படலங்களையும் சேர்த்துத் துளையிட வேண்டும். கீறிய கோட்டின் சுற்றளவு ஏறக்குறைய 51 செ.மீ.; துளைகள் ஏறக்குறைய 127 வரும். நூல், தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும் என்பதால் இரண்டு தவணையாகத் தைப்பது வசதி. நூலை இழுக்கும் விசை ஒரே சீராக இருக்கட்டும்; எந்த ஊசி முதலில் போக வேண்டும் என்ற வரிசையை நடுவில் மாற்றினால் தையல் சாய்வு மாறி அலங்கோலமாகத் தெரியும். இது ஒரு மாலைப் பொழுதுக்கான வேலை, அடுத்த நாளுக்குத் தள்ளினாலும் தவறில்லை.

பின்புறத்தின் கீழ்ப்பகுதியில் அடிக்கோட்டிலிருந்து மூன்று செ.மீ. மேலே, பக்கத் தையல் கோட்டிலிருந்து இரண்டு செ.மீ. உள்ளே, நைலான் நாடாவின் முனையைச் சாய்வாக, தோளை நோக்கி மேல்வெளிப் பக்கம் பார்த்தபடி வைத்து, அதன் மேல் தோல் சதுரத்தைத் தைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 50 செ.மீ. நாடா தொங்கினால் போதும். முனையைத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. மூடியின் நடுவில் மூடி வாரையும், முன்புறத்தில் மேல்விளிம்பிலிருந்து 22 செ.மீ. கீழே பக்கிளையும் இதே முறையில் தைத்துவிடுங்கள். வாரில் துளைகளை இப்போது போட வேண்டாம்.

பெட்டியாக மூடுதல்

பக்கவாட்டுத் துண்டின் அடி ஓரத்தை நீளத் துண்டின் அடிப்பகுதியோடு நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு வைத்து, இருபுறமும் மூலைக்கு ஒன்றரை செ.மீ. முன்னதாகவே தையலை நிறுத்துங்கள். அந்த இடத்தில் நீளத் துண்டின் ஓரத்தை மட்டும் 1.2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரித்தால் துணி மூலையில் தானாகத் திரும்பும். பிறகு மேல்நோக்கி இரு பக்கங்களையும் தைக்கலாம். மூலையில் மட்டும் இரண்டாம் முறை தைப்பது கட்டாயம். உள்ளே தெரியும் பிசிறுகளைப் பருத்தி நாடாவால் பொதிந்துவிட வேண்டும், இல்லையேல் கித்தான் நூல் நூலாக அவிழ்ந்து தையல்வரை வந்துவிடும். வாய்ப்பகுதியை முதலில் ஒரு செ.மீ., பின் மூன்று செ.மீ. என மடித்துத் தைத்து, 90 செ.மீ. சுற்றளவில் எட்டு ஐலெட்டுகளைச் சமதூரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். முன்புற நடுவுக்கு இருபக்கமும் 5.6 செ.மீ. தள்ளித் தொடங்கினால் கயிற்றின் இரு முனைகளும் முன்னால் வரும்.

மூடி வாருக்குத் துளை போடும் நேரம் இதுதான். பையில் ஐந்து கிலோ அரிசியை நிரப்பி, மூடியை இழுத்து, பக்கிள் முள் எங்கே தொடுகிறது என்று குறித்து நடுத்துளையைப் போட்டு, அதிலிருந்து இரண்டரை செ.மீ. இடைவெளியில் மேலும் கீழும் இரண்டிரண்டு துளை போடலாம். அதே அரிசியோடு ஊரை ஒருமுறை சுற்றி வந்து, தாங்குபட்டையின் கீழ்விளிம்பில் துணி இழுபட்டுக் கண் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் உள்ளே வைத்த வலுத்துண்டு தையலுக்குள் அகப்படவில்லை என்று பொருள்.

மெழுகும் பராமரிப்பும்

தேன்மெழுகும் மெழுகுவர்த்தி மெழுகும் சரிபாதி எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் உருக்கி, கட்டியாக வார்த்துக்கொண்டு, துணியில் அழுத்தித் தேய்த்து, பழைய துணி ஒன்றை மேலே விரித்து இஸ்திரி வைத்தால் மெழுகு இழைக்குள் இறங்கும். நேரடித் தீயில் மெழுகை உருக்குவது ஆபத்து. குளிர்நாட்டார் பை முழுவதும் மெழுகிடுவதைப் பார்த்து இங்கே அப்படிச் செய்யாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மெழுகு இளகி, முதுகிலும் பேருந்து இருக்கையிலும் பிசுபிசுக்கும். மூடிக்கும் அடிக்கும் மட்டும் போட்டால் போதும்.

தோலுக்கு ஆண்டுக்கு இருமுறை விளக்கெண்ணெயை விரல்நுனியில் தொட்டு மெல்லியதாகத் தடவுங்கள். மிகுந்தால் தோல் தொய்யும், துணியில் கறை இறங்கும். நனைந்த பையை நிழலில், காற்றோட்டத்தில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து, வளையும் இடத்தில் வெடிக்கும். கார்த்திகையில் தோலில் வெண்பூஞ்சை படிந்தால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, ஒருநாள் காற்றில் விட்டபின் எண்ணெய் தடவலாம். மழைக்காலம் முழுவதும் பையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காமல், வாயைத் திறந்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, சுவரை ஒட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள்.